பத்து மணியின் கணக்கு

சேர்வராயன் மலைக்கு வடக்கே, ஜோலார்பேட்டை–சேலம் ரயில் பாதையில் இருக்கிறது பொம்மிடி. மதராஸ் ரயில்வே கம்பெனி திருப்பத்தூரிலிருந்து சேலம் வரை வண்டி விட்டது 1861-ல். அன்று பொம்மிடி இருக்கும் தர்மபுரி தனி மாவட்டம் இல்லை. சேலத்திலிருந்து அது பிரிந்தது 1965-ல்தான். பாப்பிரெட்டிப்பட்டி, கடத்தூர் பக்கத்து ஜனங்களுக்கு ரயில் என்றால் பொம்மிடி, இல்லையென்றால் மொரப்பூர். பாதை பெரியது, ஸ்டேஷன் சிறியது. சென்னையிலிருந்து கோவைக்கும் கேரளத்துக்கும் போகிற வண்டிகள் இரவும் பகலும் இந்த ஊரைத் தாண்டுகின்றன. நீண்ட தூர வண்டிகள் பல இங்கே நிற்பதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் வண்டி ஏறுகிறவருக்கு பெர்த் உண்டா இல்லையா என்பது, அவர் கண்ணால் பார்க்காத ஒரு தரவுத்தளத்தில் முடிவாகிறது. இந்திய ரயில்வேயின் முன்பதிவுத் தரவுத்தளம் நாற்பது வருடங்களாக ஓடிக்கொண்டிருக்கிறது. கணினித் துறையின் பழைய கேள்வி ஒன்று இதன் வரலாறு முழுக்க வருகிறது. இயந்திரம் தன் வேலையைப் பற்றித் தானே எழுதிவைக்கும் மொத்தக் கணக்குகளையும் சராசரிகளையும் படித்து, அதன் அமைப்புகளை எப்படித் திருத்துவது என்பதே அந்தக் கேள்வி. நினைவகத்துக்கு எவ்வளவு ஒதுக்குவது, ஒரே சமயத்தில் எத்தனை பேரை உள்ளே விடுவது, ஒருவர் ஒரு பதிவைப் பிடித்திருக்கும்போது மற்றவர்களை எவ்வளவு நேரம் காக்கவைப்பது என்பதையெல்லாம் அந்தக் கணக்குகளைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். அதையே டியூனிங் என்கிறார்கள். தலையங்கம் எழுதப்படாத தொழில் அது. ஆனால் காலை பத்து மணிக்குக் கைபேசியை வைத்துக்கொண்டு உட்காரும் ஒவ்வொருவரின் தலையெழுத்தும் அதில்தான் இருக்கிறது.

கணினி வருவதற்கு முன்பு முன்பதிவு என்பது பேரேடு. ஒவ்வொரு வண்டிக்கும், ஒவ்வொரு வகுப்புக்கும், ஒவ்வொரு தேதிக்கும் தனித் தாள். பெரிய ஊர்களில் எந்த வண்டிக்கு எந்த ஜன்னல் என்று எழுதி வைத்திருப்பார்கள். ஜன்னல் மாறி நின்றால் திரும்ப வரிசையின் வால். பேரேடு இருக்கும் இடம் வண்டி புறப்படும் ஊர். நடுவழி ஸ்டேஷனில் ஏறுகிறவர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் எழுதிக் கொடுப்பார். அவர் புறப்படும் ஊருக்குத் தந்தி அடிப்பார். பதில் வந்தால் பெர்த், வராவிட்டால் பொதுப் பெட்டி. சிறிய ஸ்டேஷன்களுக்கென்று சில வண்டிகளில் சில இடங்களை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கும் கோட்டா முறையும் அந்தக் காலத்து ஏற்பாடுதான். தந்தி போய்த் திரும்புகிற நேரத்தை மிச்சம் பிடிக்க, இடத்தையே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். கணினி மொழியில் சொன்னால் தரவைப் பயன்படுத்துகிறவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைப்பது. தாளும் பேனாவும் இருந்த காலத்திலேயே அந்த யோசனை அங்கே இருந்திருக்கிறது.

1985 நவம்பரில் டெல்லியில் கணினி முன்பதிவு சோதனையாகத் தொடங்கியது. சி.எம்.சி. நிறுவனம் எழுதிய அந்த மென்பொருளுக்கு இம்ப்ரெஸ் என்று பெயர். 1986-ல் ரயில்வேயின் கணினி வேலைகளுக்கென்றே கிரிஸ் என்ற அமைப்பு பிறந்தது. சென்னைக்குக் கணினி முன்பதிவு வந்தது 1987-ல். அப்போது எந்த ஜன்னலிலும் எந்த வண்டிக்கும் டிக்கெட் வாங்கலாம் என்பதே பெரிய செய்தி. ஆனால் டெல்லி ஒரு தீவு, சென்னை ஒரு தீவு. கிரிஸ் எழுதிய கான்செர்ட் என்ற அடுத்த மென்பொருள் 1994-ல் செகந்திராபாத்தில் ஓடத் தொடங்கி, 1999 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களையும் ஒன்றாக இணைத்தது. அதற்குப் பிறகுதான் நாட்டின் எந்த மூலைக் கவுன்ட்டரிலிருந்தும் எந்த ஊர் வண்டிக்கும் பெர்த் பதிவுசெய்ய முடிந்தது. தந்திக்கு வேலை போனது.

கான்செர்ட் ஓடியது ஓபன்-வி.எம்.எஸ். என்ற இயங்குதளத்தில். டிஜிட்டல் நிறுவனத்தின் அந்த இயங்குதளத்தைப் பற்றி இங்கே கொஞ்சம் நிதானித்துப் பேச வேண்டும். மானிட்டர் என்று ஒரு கட்டளை அதில் உண்டு. அடித்தால் கறுப்புத் திரையில் எண்கள் வரும்; சில விநாடிக்கு ஒருமுறை மாறும். ஒவ்வொரு வரிக்கும் எதிரே நான்கு பத்திகள்: இப்போது எவ்வளவு, சராசரி எவ்வளவு, குறைந்தபட்சம் எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு. வட்டில் எத்தனை முறை படித்தது, நினைவகத்தில் எவ்வளவு மீதி, ஒருவர் பிடித்த பதிவை மற்றவர் தொடாமல் தடுக்க எத்தனை பூட்டுகள் போடப்பட்டன, எத்தனை பேர் பூட்டுக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எல்லாமே அங்கே இருக்கும். அந்த நான்கு பத்திகளில் எதை நம்புவது என்பதுதான் இந்தத் தொழிலின் மையமான சண்டை. இன்றுவரை அது தீரவில்லை.

அதே இயங்குதளத்தில் ஆட்டோஜென் என்றொரு கருவியும் இருந்தது. இயந்திரம் ஓடும்போது சேர்ந்த புள்ளிவிவரங்களைப் படித்து, நினைவகப் பகுதிகளின் அளவு, பூட்டு அட்டவணையின் அளவு முதலியவற்றை அதுவே கணக்கிட்டுத் தரும். மனிதர் செய்யும் டியூனிங்கை இயந்திரத்திடமே ஒப்படைத்த ஆரம்பகால முயற்சிகளில் அதுவும் ஒன்று. அதன் கையேடு ஓர் எச்சரிக்கையும் கொடுத்தது: கணினி 24 மணி நேரமாவது வழக்கமான வேலையோடு ஓடியிருக்க வேண்டும், அப்போதுதான் புள்ளிவிவரத்தை நம்பலாம். நல்ல எச்சரிக்கைதான். ஆனால் 24 மணி நேரத்தில் கூட்டம் வந்தது ஐந்தே நிமிடம் என்றால் என்ன செய்வது? மற்ற 1,435 நிமிடங்களும் சேர்ந்து அந்த ஐந்தை அமுக்கிவிடும்.

தர்மபுரி மானாவாரி விவசாயிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வருஷ மழை சராசரியை எட்டிவிட்டது என்று அறிக்கை வரும். விதைத்த பிறகு வந்த மூன்று வாரம் வானம் காய்ந்திருக்கும்.

சராசரியை நம்பிக் கெட்ட கதைகளில் புகழ்பெற்றது ஹிட் ரேஷியோ. தரவுத்தளம் ஒரு தகவலைத் தேடும்போது அது நினைவகத்திலேயே இருந்தால் உடனே கிடைக்கும். இல்லாவிட்டால் வட்டுக்குப் போக வேண்டும். வட்டு பல மடங்கு மெதுவானது. எந்தத் தகவலை நினைவகத்தில் வைத்துக்கொள்வது லாபம் என்று 1987-ல் ஜிம் கிரேயும் பிராங்கோ புட்சோலுவும் ஒரு விதி வகுத்தார்கள்: ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது தேவைப்படுகிற தகவல் நினைவகத்தில் இருக்கட்டும். அன்றைய நினைவக விலை, வட்டு விலை இரண்டையும் வைத்துப் போட்ட கணக்கு அது. நூறு தேடலில் எத்தனை நினைவகத்திலேயே முடிந்தது என்ற விகிதம் தரவுத்தள நிர்வாகிகளின் கையில் அளவுகோல் ஆனது. 90 சதவீதத்துக்குக் கீழே போனால் நினைவகத்தைக் கூட்டு. 99 என்றால் நிம்மதியாகத் தூங்கு. 1990-களின் புத்தகங்களிலும் பயிற்சி வகுப்புகளிலும் இதுவே பாடம்.

2001-ல் ஆரக்கிள் தரவுத்தள வல்லுநர் கேரி மில்சாப், 99 சதவீதம் என்பதே நோயின் அறிகுறியாக இருக்கலாம் என்று ஒரு கட்டுரை எழுதினார். ஒரு கணக்கு போட்டால் அவர் சொன்னது விளங்கும். தரவுத்தளத்திடம் கேட்கும், மோசமாக எழுதப்பட்ட ஒரு கேள்வி (குவெரி) ஒரு லட்சம் முறை தரவைத் தேடுகிறது. அதில் ஆயிரம் தேடல் வட்டுக்குப் போகிறது. விகிதம் 99 சதவீதம். யாரோ புத்திசாலி அந்தக் கேள்வியைத் திருத்தி எழுதுகிறார். இப்போது இரண்டாயிரம் தேடலில் வேலை முடிகிறது. வட்டுக்குப் போவது அதே ஆயிரம். விகிதம் 50 சதவீதமாக விழுந்துவிட்டது. ஆனால் பயனர் காத்திருக்கும் நேரம் வெகுவாகக் குறைந்திருக்கிறது. அறிக்கையில் அபாயம், கவுன்ட்டரில் நிம்மதி. ஆஸ்திரேலியாவின் கானர் மெக்டொனால்ட் இன்னும் ஒரு படி மேலே போய், விரும்பிய விகிதத்தைச் சொன்னால் அதைக் கொண்டுவந்து தரும் நிரல் ஒன்றை எழுதிக் காட்டினார். அது செய்ததெல்லாம், உபயோகமில்லாத தேடல்களைத் திரும்பத் திரும்ப ஓட்டி எண்ணை உயர்த்துவதுதான். இப்படி வீண் வேலையால் உயர்த்திவிடக்கூடிய எண்ணை வைத்து ஓர் அமைப்பை மதிப்பிட முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் தேவையில்லை.

மாற்று வழி என்ன? எத்தனை முறை படித்தது என்று எண்ணுவதை விட்டு, எதற்காக எவ்வளவு நேரம் காத்தது என்று எண்ணுவது. ஆரக்கிள் 1990-களில் தன் ஏழாம் பதிப்பில் இந்தக் காத்திருப்புக் கணக்கைப் பதியத் தொடங்கியது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2009-ல் ஒவ்வொரு வகைக் கேள்விக்கும் மொத்த நேரத்தைக் கூட்டிவைக்கும் வசதியைச் சேர்த்தது. 2017-ல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஆண்டி பாவ்லோவின் குழு, இத்தகைய புள்ளிவிவரங்களை இயந்திரக் கற்றலுக்குக் கொடுத்து அமைப்புகளைத் தானே திருத்தும் ஆட்டர்டியூன் என்ற முறையை வெளியிட்டது. பின்னர் அது நிறுவனமாகி, 2024-ல் மூடப்பட்டது.

சராசரியை நம்பக் கூடாது என்ற பாடத்தைத் தொலைபேசிக்காரர்கள் வெகு முன்பே படித்திருந்தார்கள். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்த அக்னர் எர்லாங், 1909-லும் 1917-லும் எழுதிய ஆய்வுகளில், இத்தனை அழைப்புகள் வந்தால் இத்தனை இணைப்புகள் வேண்டும் என்று கணிக்கும் சூத்திரங்களைத் தந்தார். அந்தச் சூத்திரத்தில் நாள் சராசரியைப் போட்டால் பயனில்லை. நாளின் பரபரப்பான ஒரு மணி நேரத்தைத் தனியே எடுத்து அளந்து அதற்குத் தகுந்தபடி எக்ஸ்சேஞ்ச் கட்டுவதே தொலைபேசித் துறையின் வழக்கம். ரயில் முன்பதிவுக்கு அந்தப் பரபரப்பு நேரம் வந்து சேர்ந்தது இணையத்தோடு.

2002 ஆகஸ்ட் 3-ல் ரயில்வேயின் ஐ.ஆர்.சி.டி.சி. நிறுவனம் இணையத்தில் டிக்கெட் விற்க ஆரம்பித்தது. முதலில் டிக்கெட் கூரியரில் வீட்டுக்கு வரும். 2005-ல் மின் டிக்கெட் வந்தது. கவுன்ட்டர் இருந்தவரை கூட்டத்துக்கு இயல்பாகவே ஓர் அணை இருந்தது: ஊருக்கு இத்தனை ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு ஆள். எத்தனை பேர் வெளியே நின்றாலும் தரவுத்தளத்தின் கதவைத் தட்டுவது ஜன்னல் எண்ணிக்கைதான். இணையம் அந்த அணையை எடுத்துவிட்டது. வரிசையில் நின்ற அத்தனை பேரும் ஒரே விநாடியில் உள்ளே வந்தார்கள்.

அதுவும் எப்போது? தட்கல் நேரத்தில். 1997 டிசம்பரில் தொடங்கிய தட்கலில், வண்டி புறப்படும் நாளுக்குச் சற்று முன் சில இடங்கள் திறக்கப்படும். அது காலை எட்டு மணிக்குத் திறந்துகொண்டிருந்தது. சாதாரண முன்பதிவில் புதிய தேதி திறப்பதும் அதே எட்டு மணிக்கு. இரண்டு கூட்டமும் ஒரே நிமிடத்தில் மோதின. இங்கே நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். ஒரு வண்டி, ஒரு தேதி, ஒரு வகுப்பு, தட்கல் கோட்டா. எத்தனை இடம் மீதி என்ற எண் தரவுத்தளத்தில் ஓரிடத்தில் இருக்கிறது. ஒருவருக்கு இடம் தரும்போது அந்தப் பதிவைப் பூட்டி, எண்ணைக் குறைத்து, பூட்டைத் திறக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பெர்த்தை இரண்டு பேருக்கு விற்றுவிடும். ஆயிரம் பேர் அதே பதிவைக் கேட்டால் ஆயிரம் பேரும் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அங்கே நினைவகத்தை இரட்டிப்பாக்கினாலும் பூட்டு பூட்டுதான். இயந்திரத்தின் அன்றைய சராசரியைப் பார்த்தால் சுமை சாதாரணம் என்றுதான் சொல்லும். பூட்டுக்காகக் காத்தவர்கள் எத்தனை பேர் என்ற வரியை, அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இதற்கு ரயில்வே செய்த மருந்துகளில் மிக நல்லது கணினிக்கு வெளியே இருந்தது. 2012 ஜூலையில் தட்கல் திறக்கும் நேரத்தை எட்டிலிருந்து பத்துக்கு மாற்றினார்கள். 2015 ஜூனில் அதையும் பிரித்து ஏ.சி.க்கு பத்து, மற்ற வகுப்புகளுக்குப் பதினொன்று என்று ஆக்கினார்கள். ஒரு சர்வர்கூட வாங்காமல் ஓர் உச்சத்தை மூன்றாக உடைத்த காரியம் இது. எந்த நிமிடம் நெரிகிறது என்று தெரிந்ததால் எடுக்க முடிந்த முடிவு. டியூனிங் என்றால் மென்பொருளின் அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணை மாற்றுவது மட்டுமல்ல, சுமையின் வடிவத்தையே மாற்றுவதும்தான் என்பதற்கு நம் நாட்டில் இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

இடையில் 2014 ஏப்ரலில் இணையத்தளத்தின் உள்கட்டுமானமே மாறியது. கிரிஸ் கட்டிய புதிய அமைப்பு, தரவை நினைவகத்திலேயே பல கணினிகளில் பரப்பிவைக்கும் ஜெம்ஃபயர் மென்பொருளைப் பயன்படுத்தியது. நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த கொள்ளளவு 7,200 ஆனது என்றும், ஒரே சமயத்தில் 40,000 பேருக்குப் பதில் 1,20,000 பேர் உள்ளே இருக்கலாம் என்றும் அன்று அரசு அறிவித்தது. இந்த அறிவிப்பில் கவனிக்க வேண்டியது அளவுகோல். நாளுக்கு இவ்வளவு என்ற பேச்சு போய், நிமிடத்துக்கு இவ்வளவு என்ற பேச்சு வந்துவிட்டது.

2025 மே 22 காலை 10 மணிக்கு, ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகள் பதிவாயின. அதுவரை இல்லாத உச்சம் என்று ரயில்வே அறிவித்தது. விநாடிக்கு 530 டிக்கெட். ஓர் அமைப்புக்குள் எத்தனை வேலை நிற்கும் என்பதற்கு 1961-ல் ஜான் லிட்டில் நிரூபித்த எளிய விதி உண்டு: வரும் வேகத்தை, ஒன்று முடிய ஆகும் நேரத்தால் பெருக்கு. ஒரு டிக்கெட்டுக்கு அரை விநாடி என்று வைத்தால் எந்த நொடியிலும் 265 வேலை உள்ளே இருக்கும். அதே வேலை இரண்டு விநாடிக்கு இழுத்தால் 1,060. தரவுத்தளத்துக்கு எத்தனை இணைப்புகள் அனுமதிப்பது என்ற அமைப்பை முடிவுசெய்வது இந்தப் பெருக்கல்தான். இப்போது நாள் கணக்கைப் பார்க்கலாம். ஐ.ஆர்.சி.டி.சி. வழியாக நாளொன்றுக்குப் பதிவாவது 12 லட்சத்துக்குச் சற்று மேல் என்று வைத்தால், நிமிடச் சராசரி 830-ஐ ஒட்டி வரும். உச்சம் அதைப் போல் ஏறக்குறைய 38 மடங்கு. சராசரியை நம்பி இணைப்புகளை அளந்தவர் பத்து மணிக்கு என்ன ஆவார் என்று இந்த விகிதமே சொல்லிவிடும்.

உச்சத்தையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. தட்கல் திறந்த முதல் ஐந்து நிமிடத்தில் உள்நுழைய முயன்றவற்றில் பாதி வரை ஆட்களே அல்ல, தானாக இயங்கும் நிரல்கள் என்று அதே 2025-ல் ரயில்வே கண்டறிந்து அறிவித்தது. இரண்டரைக் கோடிப் பயனர் கணக்குகள் முடக்கப்பட்டன. ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்தவர்களுக்கு மட்டுமே இணையத் தட்கல் என்று விதி வந்தது. மொத்தக் கணக்கில் மனிதரும் நிரலும் ஒன்றாகக் கலந்துபோவார்கள். அந்த எண்ணைப் பார்த்து சர்வரைப் பெரிதாக்கினால், பொதுப் பணத்தில் கள்ளச் சந்தைக்காரருக்கு அகலப் பாதை போட்டதாகும். எண்ணுவதற்கு முன் யாரை எண்ணுகிறோம் என்று பிரித்ததுதான் அந்த வருடத்தின் பெரிய முன்னேற்றம்.

இனி பொம்மிடி. தரவுத்தளத்தின் அமைப்புகளைப் போலவே கோட்டாவும் புள்ளிவிவரத்தைப் பார்த்துத் திருத்தப்படுகிற ஒன்றுதான். எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை இடம் காலியாகப் போனது என்ற கணக்கை வைத்து இடங்கள் கூடும், குறையும். வண்டி புறப்படும் ஊரில் ஏறுகிறவருக்குப் பொதுக் காத்திருப்புப் பட்டியல், அது நகரும். நடுவழி ஸ்டேஷனிலிருந்து இன்னொரு நடுவழி ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் பூல்டு கோட்டா என்ற சிறிய தொகுப்பில் சேர்கிறார்கள். பல ஸ்டேஷன்களுக்குப் பொதுவான அந்தத் தொகுப்பு நகர்வது அபூர்வம். அப்படிப்பட்ட தொகுப்பில் ஒரு சிற்றூரின் தேவை தனி எண்ணாக நிற்காது. பக்கத்துப் பெரிய ஊரின் எண்ணில் கரைந்துவிடும். மேலும், தரவுத்தளம் எண்ணுவது பதிவானவற்றை. காத்திருப்பு 60 என்று பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்காமல் சேலத்துக்குப் பஸ் பிடித்துப் போய் அங்கே ரயில் ஏறுகிறவர், சேலத்தின் கணக்கில் சேர்கிறார். பொம்மிடியின் கணக்கில் தேவை குறைவு என்று தெரியும். தேவை குறைவு என்பதால் இடமும் குறையும். இடம் குறைவதால் இன்னும் சிலர் சேலத்துக்குப் போவார்கள். பயனர் காத்துக் காத்துக் கைவிட்ட வேலையை எண்ணாமல் விடுகிற தரவுத்தளப் பிழையும் இதுவும் ஒன்றே.

நிமிடத்துக்கு ஒன்றரை லட்சம் டிக்கெட் தரக்கூடிய புதிய முன்பதிவு அமைப்பை உருவாக்கி வருவதாக 2025-ல் ரயில்வே அமைச்சகம் அறிவித்தது. விசாரணைகளை நிமிடத்துக்கு நான்கு லட்சத்திலிருந்து நாற்பது லட்சமாக உயர்த்துவதும் அந்தத் திட்டத்தில் உண்டு. அந்த நாற்பது லட்சம் விசாரணையில் எத்தனை டிக்கெட்டாக முடியாமல் போயின, எந்த ஸ்டேஷனிலிருந்து கேட்டவர்கள் அதிகம் திரும்பிப் போனார்கள் என்று இயந்திரம் எளிதாகப் பிரித்துச் சொல்லும். அதற்குத் தேவையான தரவு ஏற்கெனவே அதன் வழியாகத்தான் ஓடுகிறது. சாதனை நிமிடத்தின் எண்ணை வெளியிடும் ரயில்வே, ஸ்டேஷன் வாரியாக, மணி வாரியாக, தேடிவிட்டு டிக்கெட் இல்லாமல் திரும்பியவர்களின் கணக்கையும் சேர்த்து வெளியிட வேண்டும். கோட்டாவை அந்தக் கணக்கை வைத்துத் திருத்தட்டும்.